முதலாளி இருதயராஜிடமிருந்து தொழிலாளி இருதயராஜ் மீட்கப்பட்ட வரலாறு

ஒருவர் தன் கையால் தானே தொழில் செய்து பிழைத்தால் அவரைச் சுயதொழில் செய்பவர் என்கிறோம். இதில் பயப்படும்படி ஏதாவது இருக்கும் என்று 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை புனேயின் போபோடியில் யாருக்கும் தெரியாது.

எங்கள் சந்தில் இருதயராஜ் அண்ணன் பதினான்கு வருஷமாக கிரைண்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் வேலை. சைரன் ஊதினால் உள்ளே போக வேண்டும், சைரன் ஊதினால் வெளியே வர வேண்டும். ஒருநாள் சைரனுக்குப் பத்து நிமிஷம் முன்பாகவே வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊதறவன் யாருன்னே தெரியாம பன்னெண்டு வருஷம் ஓடியிருக்கேன்" என்பார்.

கெட்டுப்போன கிரைண்டரைக் கொண்டுபோய் வைத்தால் உடனே திறக்க மாட்டார். சுவிட்சைப் போட்டு, டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "பேரிங்" என்பார். அல்லது "பெல்ட்" என்பார். அல்லது "இதுல ஒண்ணும் இல்லம்மா, உளுந்து ஊறலை" என்பார். ஊரின் மறுகோடியில், கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்த பிறகு அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு போபோடிக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்துபோனவர்களில் ஒருவர் சந்துரு. அவரைக் கம்பெனி ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர் நாட்டுக்கு அனுப்பியது. நாட்டின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அங்கே முப்பத்தெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். முப்பத்தெட்டு கிரைண்டர்கள். ஒன்றன் பின் ஒன்றாக முப்பத்தெட்டும் நின்றுவிட்டன. அந்த ஊர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஒன்றைத் திறந்து, உள்ளே கல் இருப்பதைப் பார்த்து, இது வழிபாட்டுக்கு உரியதா என்று பணிவாகக் கேட்டுவிட்டு மூடிவைத்துப் போனாராம்.

சந்துரு எனக்கு மின்னஞ்சல் எழுதினார். நான் பி.காம். படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. ஆனால் சந்தில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் நிரப்பிக் கொடுப்பேன். கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

"இருதயராஜ் அண்ணா, இங்க சுயதொழில் விசான்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் வந்து சொந்தமா கடை போடுங்க. எங்க சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. ஜூன் முப்பதுக்குள்ள நீங்க வரலைன்னா எல்லா கிரைண்டரையும் பூந்தொட்டி ஆக்கிடுவாங்களாம்."

பூந்தொட்டி என்றதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. ஆனால் அவர் திரும்பத் திரும்ப விரல் வைத்துப் பார்த்தது "சொந்தமா" என்ற சொல்லைத்தான்.

"அந்த ஊர்லகூட எவனும் சைரன் ஊத மாட்டான். அப்படித்தானே கிரிஜா?"

"அப்படித்தான் போட்டிருக்குண்ணா."

"அப்ப ஃபாரம் நிரப்பு."

விசா விண்ணப்ப மையத்தில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் இருந்தாள். பேச்செல்லாம் இந்தியில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

"வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம்?"

"சொந்தத் தொழில் மேடம்."

"நல்லது. முதலாளியின் கடிதம் எங்கே?"

"நான்தான் மேடம் முதலாளி."

"அப்படியானால் உங்களுக்குச் சுலபம். கேட்டவுடனே கொடுத்துவிடுவார். அடுத்தவர்!"

அன்று மாலை கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். 'எங்கள் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் திரு. இருதயராஜ் நேர்மையும் ஒழுக்கமும் மிக்கவர்' என்று நான் எழுதியதைக் கேட்டு அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. அவர் மனைவி ஷீலா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒருநாள்கூட தாமதமாக வந்ததில்லைன்னு போடாத கிரிஜா. படுக்கைக்கும் கடைக்கும் நடுவுல ஒரு சுவருதான்."

'இரண்டு ஆண்டுகள் விடுப்பு அளிக்கிறோம்' என்ற வரிக்கு வந்தபோது அண்ணன் முகத்தில் கவலை படர்ந்தது. "ரெண்டு வருஷமா? அவ்ளோ சுட்டி குடுத்தா கடை என்னா ஆவறது?" லீவுக்கு எங்கள் சந்தில் சுட்டி என்றுதான் பெயர்.

"குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் ஷீலா அக்கா. "பாவம் அந்த மனுசன். பதினாலு வருஷமா ஒரு சுட்டி கேக்கலை."

முதலாளி யோசித்துச் சம்மதித்தார்.

மறுபடி போனபோது ஸ்கார்ஃப் பெண் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விண்ணப்பதாரர் கையெழுத்தும் முதலாளி கையெழுத்தும் ஒன்றாக இருக்கின்றன, இது மோசடிபோல் தெரிகிறது என்றாள். அதனால் முதலாளி தமிழிலும் தொழிலாளி இங்கிலீஷிலும் கையெழுத்துப் போட்டார்கள். "இப்போது சரி. இரண்டு பேர் மாதிரி இருக்கிறது" என்று வாங்கிக்கொண்டாள். பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டி ஒரு முத்திரையில் நகத்தை வைத்தாள். அண்ணன் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். அப்படிப்பட்டவர்கள் வெளிநாட்டு முதலாளிகளிடம் ஏமாந்துபோகாமல் இருக்க அரசாங்கம் அந்த முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. அதற்கென்று உள்ள அலுவலகம் ஒப்புதல் தந்தால்தான் விமானம் ஏறலாம்.

அந்த அலுவலகத்தின் பெயர் கடல்கடந்த உழைப்பாளர் நலக் காப்பகம், புனே கிளை. கேம்ப் பகுதியில் ஒரு மாடியில் இருந்தது. தலைமைக் காப்பாளர் பாலசுப்ரமணியன் சார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் அவரும் தமிழுக்கு மாறினார்.

"நானும் தஞ்சாவூர்தான். அதனால சலுகை கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்கோ. நம்மவாளுக்குன்னா ரூல்ஸை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது என் வழக்கம்."

அவர் மேஜையில் 'மீட்கப்பட்டோர் பதிவேடு' என்று தங்க எழுத்தில் அச்சிட்ட ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அலுவலகம் திறந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் முதல் பக்கமே வெள்ளையாக இருந்தது. அந்தப் புத்தகத்தை அவர் பார்த்த பார்வையை, பிள்ளையில்லாத வீட்டில் தொட்டிலைப் பார்ப்பவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

"முதலாளி எவ்வளவு நேரம் வேலை வாங்கறார்?"

"காலைல ஏழு மணிக்கு உக்காந்தா ராத்திரி ஒம்பது, பத்து ஆவும் சார்."

பேனா நின்றது. "பதினஞ்சு மணி நேரமா? வார விடுமுறை?"

"ஞாயித்துக்கிழமைதான் சார் வேலையே ஜாஸ்தி."

"ஓவர்டைம்?"

"யாரு சார் தருவா?"

"மருத்துவ வசதி?"

"போன மழைக்கு ஜுரம் வந்துச்சு. ஜுரத்தோடதான் நாலு பேரிங் மாத்தினேன்."

பாலசுப்ரமணியன் சார் குரலைத் தாழ்த்தினார். "பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும்?"

"முதலாளிகிட்டதான் சார். வேற யாருகிட்ட இருக்கும்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருப்பது பெரிய குற்றமாம். இப்படிப்பட்ட வழக்கில் தொழிலாளியைத் தனியாக விசாரிக்க வேண்டும், முதலாளி பக்கத்தில் இருந்தால் உண்மை வெளியே வராது, எனவே முதலாளி வெளியே போகட்டும் என்றார்.

அண்ணன் எழுந்து வெளியே போனார்.

"நீ எங்கய்யா போறே? முதலாளியைன்னா சொன்னேன்!"

"அவருதான் சார் போறாரு."

இது ஒரு சட்டச் சிக்கல். சார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். கடைசியில், முதலாளியின் அடையாளமாக அவர் கையெழுத்திட்ட விடுப்புக் கடிதத்தை வெளியே பெஞ்சில் வைப்பது என்றும், அதைப் பியூன் பார்த்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. பியூன் கடிதத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. பயப்படாதே. அவன் இங்க இல்லை. எப்பவாவது திட்டியிருக்கானா?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். "திட்டுவாரு சார். மழைக்காலத்துல கல் கொத்தும்போது உளி வழுக்கிடும். அப்ப, முட்டாப் பயலே, கை எங்கடா வச்சிருக்கேன்னு..."

"யாரு?"

"நான்தான் சார்."

"பாவம், அவனைக் காட்டிக் கொடுக்க மனசு வரலை" என்று சார் என்னிடம் சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எழுதத்தான் வரும் என்று முன்பே சொன்னேன்.

ஒரு வாரத்தில் முதலாளி இருதயராஜுக்குப் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதைப் பார்த்து முதலில் கோபப்பட்டவர் முதலாளிதான். "சொந்தமா தொழில் பண்றவனுக்கு டைம் எங்கருந்து வரும்? இவன் போயி அங்க எல்லாத்தையும் ஒளறிட்டு வந்திருக்கான்!" யாரைச் சொல்கிறார் என்று ஷீலா அக்கா கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள். பதிலில் அதை 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்பான பொறுப்பில்' என்று எழுதினேன். சாருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

முதலாளி திருந்துகிறாரா என்று பார்க்க ஆறு வாரக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, ஞாயிறு விடுமுறை. சரியாக நடந்தால் ஒப்புதல். மீறினால் நடவடிக்கை.

ஏப்ரல் நடுவில் கடை வாசலில் பலகை மாட்டினோம்: 'காலை 9 முதல் மாலை 6 வரை.' மே மாதம் பாதி தாண்டியபோது சந்து முழுக்க கிரைண்டர்கள் வரிசையில் நின்றன. பெயர் எழுதிய சாக்பீஸ் எழுத்துகள் வெயிலில் வெளுத்தன. பெண்கள் வந்து சத்தம் போட்டார்கள்.

"என்னண்ணா இது, கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி சாப்பாட்டு நேரம்ங்கிறீங்க?"

"என்னைக் காப்பாத்திக்கிட்டிருக்காங்கம்மா. இன்னும் பத்து நாள் பொறுத்துக்குங்க."

ஆறு மணிக்கு மேல் அண்ணன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே விட்டால் அவை ஏதாவது செய்துவிடும்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. கண்காணிப்பு முடிய இரண்டே நாள். மாலை ஆறு இருபதுக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு மாமி கிரைண்டரோடு இறங்கினாள். உள்ளே பாதி அரைத்த உளுந்து.

"அரைச்சிண்டிருக்கும்போதே நின்னுடுத்து. நாளைக்கு நாத்தனார் ஆத்துலேர்ந்து எட்டுப் பேர் வரா. ஆமடையான்கிட்ட சொன்னா, கடை நேரத்துல எடுத்துண்டு போங்கறார். நீங்க கொஞ்சம் பாருங்கோ."

"டைம் ஆயிடுச்சு மாமி. ரூல்ஸ்."

"பாக்கறதுக்கென்ன ரூல்ஸ்? கையை மட்டும் வைங்கோ."

கையை மட்டும் வைத்தார். "பெல்ட்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் ஸ்பேனரை எடுத்ததை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அது கையில் இருந்தது, அவ்வளவுதான். கீழ்த் தட்டின் இரண்டு போல்ட்டுகள் கழன்றிருந்தபோது சந்து முனையில் பாலசுப்ரமணியன் சாரும், பின்னால் அரக்கும் மெழுகுவர்த்தியும் ஏந்திய பியூனும் தெரிந்தார்கள்.

"நீ எங்க இங்க?" என்றார் சார், மாமியைப் பார்த்து.

"நீங்க எங்க இங்க?" என்றாள் கோதை மாமி, சாரைப் பார்த்து.

அந்த நேரத்தில் வேறொரு அதிகாரி என்றால் காற்று வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டு மாமியோடு அதே ஆட்டோவில் ஏறிப் போயிருப்பார். பாலசுப்ரமணியன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்திரண்டு.

"வேலை நேரம் மீறல். கருவியும் பொருளும் கைப்பற்றப்படுகின்றன."

"ஏன்னா, இது நம்மாத்து கிரைண்டர்!"

"கோதை, கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அது நம்மாத்து கிரைண்டர். இப்ப அது சாட்சிப் பொருள்."

"உள்ள உளுந்து இருக்கு!"

"அதுவும்தான்."

கிரைண்டரைத் துணியால் கட்டி, ஐந்து இடத்தில் அரக்கு வைத்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் கைகூப்பி, "சார், நானா இஷ்டப்பட்டுத்தான் செஞ்சேன்" என்றார். சார் அவர் தோளைத் தட்டி, "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பான்" என்றார்.

திங்கட்கிழமை பதிவேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. வரிசை எண் ஒன்று: இருதயராஜ், தொழிலாளி, இருதயராஜ் என்னும் முதலாளியிடமிருந்து மீட்கப்பட்டார். அந்த முதலாளி ஐந்து ஆண்டுகளுக்கு எந்தத் தொழிலாளியையும் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. அண்ணனுக்கு ஒரு சால்வை போர்த்திப் புகைப்படம் எடுத்தார்கள்.

"சார், அப்ப நான் போலாமா?"

"தாராளமா. நீ இனிமே சுதந்திர மனுஷன். எங்க வேணா போகலாம். அந்த ஆளோட மட்டும் போகக் கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கட்கி தாண்டும்போது, "முப்பத்தெட்டுலயும் செடி வச்சிடுவாங்க கிரிஜா" என்றார். சால்வையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஆனால் விவகாரம் அத்துடன் முடியவில்லை. மே மாத வெயிலில் சாட்சிப் பொருளுக்குள் இருந்த உளுந்து இரண்டு நாளில் பொங்கியது. துணியைத் தூக்கிக்கொண்டு, அரக்கு முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டு, கோப்புகள்மேல் இறங்கியது. முத்திரை உடைந்தால் மறு முத்திரை வைக்க வேண்டும், சுத்தம் செய்தால் சாட்சியைக் கலைத்த குற்றம். எனவே தினம் காலையில் பியூன் மூக்கைக் கட்டிக்கொண்டு புது அரக்கு வைத்தார். கோப்பு முடிந்தால்தான் சாட்சிப் பொருளை உரியவரிடம் தரலாம். மீட்கப்பட்டவருக்கு வேறொரு நல்ல முதலாளி கிடைத்தால்தான் கோப்பு முடியும்.

வீட்டில் கோதை மாமி ரவா உப்புமா செய்தாள். மறுநாளும் செய்தாள். "அந்தக் கிரைண்டர் வர்ற வரைக்கும் இதான். நானும் என் ரூல்ஸ்லேர்ந்து ஒரு எழுத்து விட மாட்டேன்" என்றாளாம். இருபத்தாறாவது நாள் சாரே அண்ணனுக்கு முதலாளி தேடிக் கிளம்பினார்.

கராடியில் வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஜெனிபர் என்று ஒரு பெண் இருந்தாள். கட்கியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வரும், போகும்; போகும்போது மராத்தி வரும்.

"டென்ஷன் நக்கோ அங்கிள். நாங்க உங்கள ரிசோர்ஸா போட்டுக்கறோம்."

"ரிசோர்ஸ்னா என்னாம்மா?"

"மனுஷங்கதான் அங்கிள். எக்செல் ஷீட்ல போட்டா ரிசோர்ஸ்." கம்ப்யூட்டரைப் பார்த்துத் தட்டினாள். "டெசிக்னேஷன், சீனியர் கிரைண்டிங் கன்சல்டன்ட். அந்த ஊர்லயே நம்ம பிராஞ்ச் இருக்கு. மஸ்த் ஆபீஸ்."

ஒப்பந்தத்தை நான் வாசித்துச் சொன்னேன். வேலை நேரம், பணி முடியும் வரை. விடுமுறை, வாடிக்கையாளர் விருப்பப்படி. இரண்டு ஆண்டுகள் விட்டுப் போகக் கூடாது. பாஸ்போர்ட், பாதுகாப்புக் கருதி, கம்பெனியின் பெட்டகத்தில்.

அண்ணன் பாலசுப்ரமணியன் சாரைப் பார்த்தார். "சார், இதெல்லாம் குத்தம்னு நீங்கதானே..."

"லெட்டர்ஹெட்டைப் பாருய்யா" என்றார் சார். அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "ரெண்டு பக்கமும் கலர் பிரிண்ட். ஃபேக்ஸ் நம்பர் மூணு. முதலாளின்னா தொழிலாளியைவிட வேற ஆளா இருக்கணும். அதுதான் முதல் தகுதி. உன் பழைய ஆளுக்கு அதுவே இல்லை."

அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்தது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு மறுபடி யாரோ ஊதப்போகிறார்கள். கூட வந்திருந்த ஷீலா அக்கா, "பூந்தொட்டி ஆக்கறதுக்குள்ள போயிடுங்க. அங்க போய் உங்க வேலையை நீங்க பாத்துக்க மாட்டீங்களா?" என்றாள்.

"எந்த இருதயராஜ் சார் கையெழுத்துப் போடணும்?"

"தொழிலாளி மட்டும்."

இங்கிலீஷில் போட்டார். சார் நான்கே நிமிஷத்தில் முத்திரை குத்தினார். கம்பெனிகளுக்கு விசா மையத்தில் தனி வரிசை உண்டாம். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி அண்ணன் போய்ச் சேர்ந்தார். பூந்தொட்டிக்கு ஒருநாள் முன்னால்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார்.

"கிரிஜா, இந்த விசால கம்பெனி ஆபீஸுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யணுமாம். வெளிய போயி யாரு வீட்டு கிரைண்டரையாவது தொட்டா, அது சுயதொழிலாம். பிடிச்சு அனுப்பிடுவாங்களாம்."

"ஆபீஸ்ல கிரைண்டர் இருக்காண்ணா?"

"இல்ல. நாற்காலி இருக்கு. நல்லா சுத்துது. காலைலேர்ந்து அதுல உக்காந்திருக்கேன். காபி மெஷின் ஒண்ணு கரகரன்னுச்சு. மனசு கேக்கலை, திறந்து சரி பண்ணிட்டேன். வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க."

அடுத்த மாதம் பேசியபோது குரல் மாறியிருந்தது. கையால் தொடுவதுதான் குற்றம், வாயால் சொல்வது குற்றமில்லை என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். வாயால் சொன்னால் அது கன்சல்டன்சி. இப்போது சந்துருவும் அவர் நண்பர்களும் அவரவர் சமையலறைத் தரையில் கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போன் செய்கிறார்கள். அண்ணன் சுழல் நாற்காலியிலிருந்து சொல்கிறார். மேற்படிப்பு படித்தவர்கள் செய்கிறார்கள்.

"சந்துரு தம்பி ஸ்பேனரை ஸ்பூன் மாதிரி பிடிக்கிறாரு. சனிக்கிழமை லேட்டா போன் பண்ணாரு, திட்டிட்டேன். முப்பத்தெட்டுல பன்னெண்டு ஓடுது கிரிஜா. கம்பெனில எனக்கு இந்த மாசத்துச் சிறந்த ஊழியர்னு போட்டோ மாட்டியிருக்காங்க." பிறகு மெதுவாக, "கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

இங்கே கோப்பு முடிந்து கோதை மாமியின் கிரைண்டர் வீடு வந்து சேர்ந்திருந்தது. எட்டு முறை கழுவினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். ஓடவில்லை. பெல்ட் அப்படியேதானே இருக்கிறது. அதைச் சரி செய்யத் தெரிந்த புனேயின் ஒரே மனிதரைச் சார் மீட்டு அனுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அழைப்பு வந்தது. நான் போனபோது பாலசுப்ரமணியன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்திருந்தார். நான் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், கீழ்த் தட்டுல நாலு போல்ட் இருக்கும்."

"ரெண்டுதான்யா இருக்கு."

"ரெண்டு நான் கழட்டினது சார். அப்பதான் நீங்க வந்து காப்பாத்தினீங்க. பாக்கி ரெண்டைக் கழட்டுங்க."

"கை வழுக்கறதே!"

"முட்டாப் ப..." அண்ணன் நிறுத்திக்கொண்டார். "துணியால புடிச்சுக்குங்க சார்."

மூன்று மணி நேரம் ஆயிற்று. சாரின் விரலில் ரத்தம் கசிந்தது. கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டுமா என்று கேட்டார். பெல்ட்டை மாட்டிவிட்டுப் படுக்கலாம் என்று பதில் வந்தது. கோதை மாமி கதவில் சாய்ந்து, "இப்படி வேலை வாங்கற மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்றாள். குரலில் மரியாதை இருந்தது. கடைசியில் கல் சுற்றியது. சார் எழுந்து நின்று உள்ளங்கையை டிரம்மின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரோஹிணி தன் கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சார் அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அரசு ஊழியர் வெளி வேலை செய்யக் கூடாது. "தொட மாட்டேன். வேணும்னா கருத்துச் சொல்றேன். நீ கழட்டு" என்றார். ரோஹிணி கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டு போய், அவள் தெருவில் கருத்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

இன்றைய தேதியில் புனேயில் கிரைண்டர் ஆலோசகர்கள் பதினேழு பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேர் கார்டு அடித்திருக்கிறார்கள். ஒருவர் கராடியில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகமே திறந்துவிட்டார். எல்லாக் கார்டையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று அடித்துக்கொண்டேன். 'படிவ ஆலோசகர்' என்று போட்ட பிறகு நான் படிவம் எதையும் நிரப்புவதில்லை. எப்படி நிரப்ப வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். பேசவும் வந்துவிட்டது.

போபோடிச் சந்தில் கிரைண்டர்கள் இன்னும் அதே வரிசையில் நிற்கின்றன. எங்கள் வீட்டுடையது ஆறாவது. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஏதாவது நின்றுபோயிருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரிவாகப் பதில் எழுதுகிறேன். யார் திருப்புவது என்பதைத்தான் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.